செம்புக்குழித் தண்ணீர்

எண்பதுகளில், மழை பொய்த்த ஒரு புரட்டாசி. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறிக்கொண்டிருந்த பேருந்தில், என் முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“என் சாமைய நானே கொன்னுட்டேன்.”

“இன்னா சொல்ற?”

“வெள்ளக்காரன் செம்பு தோண்டுன குழியில தண்ணி நிக்குதில்ல? டீசல் எஞ்சின் புடிச்சாந்து, கோழி அறுத்து, நெலத்துக்கு எறச்சேன். எல்லாம் கருகிப்போச்சு.”

“கோழியாவது கொழம்பாச்சே. அவனும் அங்க நீராவி எஞ்சின் வெச்சு எறச்சானாமே?”

“அவன் தண்ணிய வெளிய கொட்டிட்டு செம்ப எடுத்துனு போனான். நான் செம்போட எறச்சு நெலத்துல வுட்டேன்.”

கைவிட்ட சுரங்கத்து நீரை எந்த அலுவலகத்தில் சோதிக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. சுரங்கத் துறைப் பணியில் இருந்தபோதே யாரும் என்னைக் கேட்டதில்லை. பேருந்திலா கேட்கப் போகிறார்கள்?

“இப்ப எங்க போற?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“மச்சான் வூட்டுக்கு. அந்தத் தண்ணில சாமை செழிச்சி நிக்குதுன்னு அவங்கிட்ட பீத்திக்கினேன். நாளைக்கு அதே குழியில அவன் எஞ்சின் எறக்கறான்.”

“நெசத்தச் சொன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானே.”

“சிரிக்கட்டும். அவன் சாமையாவது பொழைக்கட்டும்.”