டிரம்முக்கு அந்தப் பக்கம்

விடிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம். டெக்சஸில், ரிச்சர்ட்சனுக்கு வடக்கே ஃப்ரீவேயை விட்டு இறங்கினால் ஒரு ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் காய்ந்த புல். விளக்கு கிடையாது... வீடு கிடையாது... கடைசியில் கம்பி வேலி போட்ட ஒரு யார்டு மட்டும். 2007, நவம்பர் மாதம். அந்தச் சாலையில் ஒரே ஒரு கார் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவர் ஜைனுதீன். நம் தாரிக்கின் அக்கா வீட்டுக்காரர். அதனால் கட்டுக்கதை என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற தாரிக், இதைச் சொல்லி முடிக்கும்வரை ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அந்த மிக்சர் தட்டை இப்படித் தள்ளிவிட்டுக் கேளுங்கள்.

பின் சீட்டில் மகள் ஃபைஹா. ஐந்து வயது. நல்ல தூக்கம். அம்மா தாஜ் நிஷாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட். டேகேர் இன்னும் திறக்கவில்லை. குழந்தையை எங்கே விடுவது? கூடவே தூக்கி வந்துவிட்டார்.

ஜைனுதீனின் கம்பெனி பாலங்களுக்கு எஃகுக் கேபிள் போடுகிற கம்பெனி. டிவி கேபிள் இல்லை, மணிக்கட்டு கனத்துக்கு முறுக்கிய எஃகு. ஆள் உயர மர டிரம்மில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அதற்கு இருக்கிற உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூடக் கிடையாது. தரையில் இழுக்கக் கூடாது, மண் படக் கூடாது, பலகை மேல் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். எங்காவது ஓரிடத்தில் மடங்கிவிட்டால் தீர்ந்தது. நிமிர்த்தினால் நேராகத்தான் தெரியும். உள்ளே அந்த இடம் செத்திருக்கும்.

டிரம் உருளாமல் இருக்க அடியில் கட்டை முட்டுக் கொடுத்திருப்பார்கள். குனிந்து அந்தக் கட்டையைச் சுத்தியலால் தட்டி எடுப்பவனுக்கு, அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அதனால் யார்டில் ஒரு வழக்கம். கட்டையைத் தொடுவதற்கு முன் டிரம்மில் இரண்டு தட்டு. டொக்... டொக். அந்தப் பக்கம் ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவான். பதில் வந்தால் கட்டையை எடுக்கக் கூடாது.

அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு நாள் அவசரம். ஃப்ரீவேயில் ஒரு லேனை மூடிவிட்டுக் கிரேன் காத்திருக்கிறது. கேபிள் எங்கே என்று போனில் கத்துகிறார்கள். ஜைனுதீன் காதில் போனை இடுக்கிக்கொண்டே கட்டையைத் தட்டி எடுத்துவிட்டார். டிரம்மைத் தட்டவில்லை. டிரம் கொஞ்சம்தான் உருண்டது... அந்தப் பக்கம் வெண்டெல் என்ற தொழிலாளி தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எந்நேரமும் புதினா வாசனைப் புகையிலை மெல்லுகிற மனிதர். கத்தக்கூட இல்லை, அந்த இடத்திலேயே போய்விட்டார்.

விசாரணை நடந்தது. மழையில் பலகை மண்ணில் புதைந்துவிட்டது, விபத்து என்று முடித்தார்கள். தட்டினாயா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. பிரியாணியில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. பெருநாள் வந்தது, போனது. "மனசு குத்துனாக்கூடப் பரவாயில்ல மாப்ள... குத்தவே மாட்டேங்குது" என்று பிற்பாடு தாரிக்கிடம் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொன்னார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் எந்த டிரம்மையும் தட்டியதில்லை. தட்டினால்... பதில் வந்துவிடுமோ என்று பயம்.

அன்றைக்கு யார்டில் டிரெய்லர் லாரி ஏற்கெனவே வந்து நின்றது. டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் வரவில்லை. வெளிச்சம் வந்ததும் லாரி கிளம்பியாக வேண்டும். டிரம்மைச் சற்று முன்னே உருட்டி வைத்தால் ஏற்றுவதற்கு வசதி என்று ஜைனுதீன் நினைத்தார். தனி ஆள் செய்கிற வேலை இல்லை அது. தெரிந்தேதான் போனார்.

ஹீட்டரை ஓடவிட்டு, கார் கதவை மெல்லச் சாத்தினார். டார்ச், சுத்தியல். தார்ப்பாயை விலக்கினார். கிரீஸ் வாசனை... ஈர மரத்தின் வாசனை. குனிந்தார். தட்டவில்லை. சுத்தியலை ஓங்கினார்.

டொக்... டொக்.

அந்தப் பக்கத்திலிருந்து.

ஓங்கிய கை அப்படியே நின்றது. தார்ப்பாய் காற்றில் அடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். காற்றே இல்லை. மறுபடி ஓங்கினார்.

டொக்... டொக். இந்தத் தடவை பலமாக. மரம் அதிர்ந்தது அவர் முழங்காலில் தெரிந்தது.

இப்போது வேறொரு வாசனை. கிரீஸ் இல்லை... புதினா.

சுத்தியலைப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினார். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு சின்ன ரோஸ் கலர் ஜாக்கெட். ஃபைஹா. டிரம் உருண்டால் நேராக மேலே ஏறுகிற இடத்தில், இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். சீட் பெல்ட்டைக் கழற்ற எப்போது கற்றுக்கொண்டாளோ.

வாரி எடுத்தார். "நீயாம்மா தட்டுன?"

"நோ அத்தா. தி அங்கிள்."

"எந்த அங்கிள்?"

குழந்தை டிரம்முக்கும் வேலிக்கும் நடுவில் கையைக் காட்டியது. அந்த இடுக்கில் ஒரு பூனை நுழையலாம், அவ்வளவுதான்.

"ஹீ செட் யூ டோன்ட் நாக்."

நீங்கள் தட்ட மாட்டீர்களாம். அங்கிள் சொன்னாராம். உலகத்தில் ஒருவருக்கும் அவர் சொல்லாத விஷயம்.

அப்போதுதான் ஏழு மாதமாக வராத அழுகை வந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து எழுந்தவர், டிரம்மில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றார்.

பதில் வரவில்லை.

அன்றைக்கே ஆபீசில் போய் ஏப்ரலில் நடந்ததைச் சொல்லிவிட்டார். வேலை போனது. வேறு வேலை தேடி இங்கே ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குக் குடிவந்தார்கள். மூன்றாவது மாடி, கட்டடத்தின் ஓர வீடு. ஃபைஹாவின் ரோஸ் ஜாக்கெட் தோளில் அன்றைக்கு ஏறிய கிரீஸ் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை என்று தாஜ் நிஷா தூக்கிப் போட்டுவிட்டார். பெரிய கை அளவுக் கறை.

போன டிசம்பரில் தாரிக் ஓர் இரவு அங்கே தங்கினான். ஃபைஹாவின் அறையில், கீழே பாய். "அவ தூங்க லேட்டாகும்டா. சுவத்தத் தட்டிட்டுப் படுத்திருப்பா. பதில் வந்தாத்தான் தூக்கமாம். நீ ஒண்ணும் கேக்காத" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனாள்.

விளக்கை அணைத்தார்கள். ஃபைஹா கையை நீட்டிச் சுவரைத் தட்டினாள். டொக்... டொக்.

அது வெளிச்சுவர். அதற்கு அப்பால் அறை இல்லை, படி இல்லை. மூன்று மாடிப் பள்ளமும் பனியும்தான். தாரிக் போர்வையை இழுத்துக் காதோடு மூடிக்கொண்டான். எதுவும் காதில் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் போர்வையை விலக்கிப் பார்த்தான். ஃபைஹா தூங்கிவிட்டிருந்தாள்.