கம்பிச்சுருளுக்கு ஒரு மழை உறை

பாபநாசத்தில் காரை நிறுத்தி ஒருமுறை ரேடியோவில் தும்மினேன். பெரு நாட்டில் ஒருவர் ‘நூறு ஆயுசு’ என்றார், அதுவும் நம் நெல்லைத் தமிழில். காலையில் அலைவரிசையில் கூடும் ஹாம் ரேடியோ நண்பர்களிடம் இதைச் சொன்னேன், ரசித்துக் கேட்டார்கள். ஞானசம்பந்தன் மட்டும், “வே, அந்தப் பெருக்காரன் உம்ம சளிக்குக் கஷாயமும் சொன்னானா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

ஞானசம்பந்தனின் கார் ஏரியலின் நடுவில் ஒரு கம்பிச்சுருள் உண்டு. குட்டை ஏரியலை நெட்டை என்று ரேடியோவை நம்பவைப்பது அதன் வேலை. அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பாசம். ஆனால் மகா தொட்டாற்சிணுங்கி. பக்கத்தில் தகரம் இருந்தாலும், நனைந்த வேப்பங்கிளை உரசினாலும் சுருதி கலைந்துவிடும். சம்பந்தனுக்கும் இது தெரியும். குரல் எட்டாவிட்டால் காரை நகர்த்தி நகர்த்தி வெட்டவெளி தேடுவார்.

அவருக்கு ஒரு பரிசு கொடுத்தேன். சுருளுக்கு ரெக்சினில் மழை உறை, நானே தைத்தது. இரண்டு மடிப்புக்கு நடுவே அலுமினியத் தாளை வளையமாகச் சுற்றி வைத்தேன். மழை நாளில் குரல் தேயும். அவர் மரத்தையும் மதிலையும் திட்டிக்கொண்டு அலைவார். விளையாட்டுதான். நன்றிகூடச் சொன்னார்.

வெள்ளத்தில் செல்போன் கோபுரங்கள் செத்துப்போயின. சம்பந்தன் ஆற்றங்கரை ஊரான ஏரலுக்குக் காரோட்டிப் போய், மாடிகளில் சிக்கியவர்களுக்குப் படகு கேட்டுக் கூப்பிட்டார். மேட்டில், தகரக் கொட்டகை ஓரமாக நின்றிருந்தார். என் ரேடியோவில் கொசுவின் ரீங்காரம்போல வந்தது குரல்.

“வே, யாருக்கும் எட்டல. என்ன செய்யட்டும்?”

‘உறையைக் கழற்றும்’ என்றால் போதும். ஆனால் கழற்றியதும் குரல் தெளிந்தால், அதற்குள் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

“தகரந்தான் கெடுக்குது. பைய கீழ எறங்கி வெட்டவெளிக்குப் போம்” என்றேன்.

சுருளைப் பொறுத்தவரை அது சரியான யோசனை. இன்றும் யார் முன்னாலும் சொல்வேன். கீழே வெட்டவெளி என்பது ஆற்றங்கரை வயல். காரை ஒரு வாழைத்தோப்பில் கண்டெடுத்தார்கள். அவரை அதற்கும் கீழே.

உறைக்குள் வைத்ததையும் அன்று மறைத்ததையும் நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை, இப்போது ஒருவரும் என்னைக் கூப்பிடுவதும் இல்லை. நம்பாதவர் சம்பந்தனின் மனைவி ஞானம்பாள் ஒருவர்தான். அன்று வீட்டு ரேடியோவில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

“அவியளக் காப்பாத்தத்தான பாத்தீய. துக்கத்துல என்னமோ சொல்லுதீய, அண்ணாச்சி” என்று காப்பி கொண்டுவந்து வைத்தார்.

எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. பாதி குடித்திருப்பேன். அவர் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

“‘என்ன செய்யட்டும்’னு அவிய கேட்டப்ப, நீங்க உடனே பதில் சொல்லல. எதைக் கேட்டாலும் வாய் நெறைய பதில் வச்சிருக்க மனுசன். அன்னைக்கு அம்புட்டு நேரம் சும்மா இருந்தீய.”

என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

“அப்ப நீங்க சொன்னதெல்லாம் நடந்துதான் இருக்கு.”