பச்சைக் குறியை நம்பாத கலைச்செல்வி அம்மையாருக்கு

முப்பத்தோராண்டு மலையேறியும் மூச்சிரைக்காத கணித மாமணியே! அமர நாற்காலி தந்தால் அதில் நோட்டுகளை அமர்த்திவிட்டு நின்றே திருத்தும் ஓயாத உழைப்பே! சக ஆசிரியர்களான எங்கள் அன்பையும் அச்சத்தையும் ஒருங்கே பெற்ற அம்மையீரே, வணக்கம்! தங்கள் பணிநிறைவு விழாவில், தங்கள் முன்னிலையிலேயே தங்கள் கதையைச் சபைக்குச் சொல்கிறோம். நடுவில் எழுந்து திருத்த வேண்டாம்.

பள்ளி பூட்டிக் கிடந்த கொரோனாக் காலத்தில், அம்மையார் தம் பாடங்களைக் காணொளியாக்கிச் செயலியில் ஏற்றினார். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் "புரிஞ்சுதா கண்ணு?" என்று கேட்டு, பதிலுக்குச் சற்றே இடம் விட்டார். முப்பத்திரண்டு பேரும் பார்த்துவிட்டதாகப் பச்சைக் குறி வந்தது. நாங்கள் பூரித்தோம், அவருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பிள்ளைகளின் மலையூர்களான திருப்புலி நாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

பத்தாம் வகுப்புத் தாரணியின் வாசலில் மிளகு காய்ந்தது. உள்ளே போனில் அவருடைய குரலே, "புரிஞ்சுதா கண்ணு?" என்றது.

"இல்லீங்க டீச்சர்," என்றாள் தாரணி.

"நல்லது!" என்று போனிலிருந்த அம்மையார் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

"ஒரு மாசமா இப்படித்தானுங்க," என்றார் தாய் கண்ணாயி. "படிப்பே வேண்டாம், மரவள்ளிக் காட்டுக்கு வாரேங்குதுங்க."

அம்மையார் வாசலிலேயே நின்று அழுதார். எங்களிடம் மறைத்தார், கண்ணாயி சொல்லித்தான் தெரியும்.

மறுநாளே நேரலை தொடங்கினார். "புரியாதவங்க மட்டும் பேசுங்க கண்ணு." மூன்று நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் தாரணி, "எனக்குப் புரியலீங்க," என்றாள். அவள் பின்னால் பதினேழு பேர்! நல்ல போனும் சிக்னலும் கிடைத்தால் போதும், பிள்ளைகள் இணையவழியில் படிப்பார்கள் என்று நாங்கள் வாதிட்டிருந்தோம். ஆனால், பதில் சொல்ல ஆள் உண்டு என்று தெரிந்ததும் அவர்களே சிக்னல் தேடிப் பாறையேறினார்கள். தாரணி இன்று கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். அந்த மாலை ஆறு மணி வகுப்பும் இன்றுவரை நிற்கவில்லை.

அம்மையீரே! "நான் போனதும் பழைய காணொளியையே ஓட்டிவிடுவீர்கள்," என்று நேற்று சீறினீர்கள். உண்மைதான், அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். வெட்கமாக இருக்கிறது.

நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! ஒருநாளாவது உட்கார்ந்து வாழ்க! காணொளிகள் அனைத்தையும் இன்று காலை அழித்துவிட்டோம். நாளை மாலை ஆறு மணி வகுப்பை நாங்களே நேரலையில் எடுக்கிறோம்; எங்களுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

கைகூப்பும்,
கார்த்தி, மேனகா, யுவராஜ்
மற்றும் ஆசிரியர் அறைத் தோழர்கள்,
கொல்லிமலை.