உள்ளங்கைக்கு அடங்கிய கத்தி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கத்திக்கடையின் கண்ணாடி மேசை மேல் இருந்தவை மூன்று கத்திகள் என்று இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவற்றை நான் பார்க்கவில்லை. காதால் கேட்டதுதான், அதுவும் ஒரு தொலைபேசிப் பேச்சின் ஒரு பக்கத்தை மட்டும். மறுபக்கத்தில் என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. அந்த இடங்களில் புள்ளி வைத்திருக்கிறேன். சில புள்ளிகள் நான் வைத்ததைவிட நீளமானவை.

பழைய சோபாக்களையும் நாற்காலிகளையும் பிரித்து, புது மெத்தையும் துணியும் போட்டுக் கொடுக்கிற பட்டறை எங்களுடையது. நான் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பேன். பட்டறைக்குச் சொந்தக்காரி குட்டி ஆணிகளை வாய் நிறைய அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்துச் சட்டத்தில் அடிப்பார். அதனால் அவருக்கு ஆணியம்மா என்று பெயர். அவருடைய வலது சுட்டுவிரல் மடங்காது. சுத்தியலைப் பிடித்திருக்கும்போதுகூட அது தனியாக நீட்டிக்கொண்டு, யாரையோ குற்றம் சொல்வதுபோல் இருக்கும். தையல் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதால் வந்தது என்று என்னிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து என் இயந்திரத்தைக் கண்டாலே எனக்குப் பயம்.

அன்று மதியம் அவரை அழைத்தவர் அவருடைய அக்காவின் கணவர். ஆணியம்மா அவரை மாமா என்று கூப்பிடுவார். முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்தவர். அது மூடப்பட்ட பிறகு, பார்சல் கிடங்கு ஒன்றில் பெட்டி பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஹலோ... ஆங், சொல்லுங்க மாமா... இருங்க, வாயில ஆணி... த்தூ... ம், இப்ப சொல்லுங்க. எங்க நிக்கிறீங்க?... நாங்க பட்டறைக்கு வாங்குற கத்திக்கடையிலயா? வேலைக்குப் போகாம கத்திக்கடையில என்ன பண்றீங்க?... ஓ, சாப்பாட்டு நேரமா. சாப்பிட்டீங்களா?... அது முக்கியமில்லையா. சரி, எது முக்கியம்?...

"மடக்குக் கத்தியா. யாருக்கு, உங்களுக்கா?... இல்ல, சிரிக்கல. இருமினேன்... சரி, சிரிச்சேன். தப்புத்தான். தினமும் பாக்கெட்டுல வெச்சுக்கணும், எந்த அளவு வாங்கலாம். ம். ம். அதான் கிடங்குல பெட்டி கிழிக்கக் கட்டர் குடுத்திருக்காங்களே?...

"புடுங்கிட்டானா? யாரு, அந்த சூப்பர்வைசரா?... எப்ப?... போன வாரமா! அக்கா ஒண்ணும் சொல்லலையே... அவகிட்டயே சொல்லலையா. பிரமாதம்... ம்... கை நடுங்குதுன்னு சொல்லி... எல்லார் முன்னாடியும்... ம்... ஏன், பெட்டியோட சேத்து உள்ள இருந்ததையும் கிழிச்சிட்டீங்களா?... ஒரு திரைச்சீலை. ஒண்ணுதானே... ஓ, ரெண்டு. அப்ப அவன் புடுங்கினதுல... சரி சரி, அவனுக்குப் பரிஞ்சு பேசல. மேல சொல்லுங்க...

"ஆமா... ஆமா ஆமா. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்துல நிக்கிறவனைக் கூப்பிட்டு, கொஞ்சம் கிழிச்சுக் குடுப்பான்னு கெஞ்சணும். கேவலம்தான். அதுக்குச் சொந்தமா ஒரு கத்தி. புரியுது. பரவாயில்லையே மாமா, அம்பத்தாறு வயசுல முதல் தடவையா ஒரு சாமான் வாங்கறதுக்கு முன்னாடி ஒருத்தரைக் கேக்கணும்னு தோணியிருக்கு உங்களுக்கு. கடைக்காரர் என்னென்ன எடுத்துப் போட்டிருக்கார்?...

"மூணு. சரி. பேரு வேணாம், அளவு சொல்லுங்க... அங்குலம் வேணாம், உங்க விரலை வெச்சுச் சொல்லுங்க. மடக்கின கத்தி எத்தனை விரல் நீளம்?... ஒண்ணு நாலு விரல். அடுத்தது அஞ்சு. மூணாவது?... ஆறரை! அது பாக்கெட்டுல வெக்கிற கத்தியா, தோள்ல சாத்திக்கிற கத்தியா?... அதுதான் பிடிச்சிருக்கா. பிடிக்கும், பிடிக்கும். உங்களுக்கு வேற எது பிடிக்கும்?

"கல்யாணமான புதுசுல ஒரு பெரிய இரும்புப் பெட்டி வாங்கினீங்களே, ஞாபகம் இருக்கா? மாடிப்படி திருப்பத்துல திரும்பவே மாட்டேன்னுடுச்சு. கடைசி வரைக்கும் கீழயே கிடந்து அதுல பூனை குட்டி போட்டுச்சு... ஞாபகம் இல்லையா? பூனைக்கு இருக்கும். அப்புறம் அந்த ராட்சசக் குடை. ரெண்டு பேர் எதிர்ல வந்தா மடக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே போவீங்க. சாமான் பெருசா இருந்தா நாமளும் பெருசாயிடுவோம்னு உங்களுக்கு ஒரு நெனப்பு மாமா. இல்லவே இல்லைன்னு சொல்லாதீங்க...

"சரி, விடுங்க. இப்ப நான் சொல்றதைச் செய்யுங்க. அந்த ஆறரையை எடுத்து உள்ளங்கையில குறுக்கால வெச்சு மூடுங்க... ரெண்டு பக்கமும் வெளிய நீட்டுதா?... அப்ப அது உங்க கை இல்ல. இப்ப கால்சட்டை முன்பாக்கெட்டுல போடுங்க. போட்டீங்களா? கடைக்காரர்கிட்ட ஸ்டூல் இருந்தா வாங்கி உக்காருங்க... உக்காந்தீங்களா?... குத்துதா? எங்க குத்துது?... அங்கயா! ஐயையோ, எழுந்திரிங்க, எழுந்திரிங்க. அக்காவுக்கு யாரு பதில் சொல்றது...

"சிரிக்காம வேற என்ன பண்ணச் சொல்றீங்க. சரி, இப்ப நாலு விரல் கத்தி. கையை மூடினா காணாமப் போகணும்... போச்சா? பாக்கெட்டுல போட்டு உக்காருங்க... தெரியவே இல்லையா? அதான் வேணும். பாக்கெட்டுல இருக்கிறதையே மறந்துடணும். வேலை வரும்போது மட்டும் ஞாபகம் வரணும். என்கிட்ட இருக்கிறதும் நாலு விரல்தான். இத்தனை வருஷமா எத்தனை சோபாவைப் பிரிச்சிருக்கேன், இதைவிடப் பெருசு ஒரு நாளும் தேவைப்படல...

"என்னது?... முனையா? நல்லாத்தான் இருக்கும் முனை. பெட்டி ஒட்டின டேப்பைக் கிழிக்கிறதுக்கு முனை எதுக்கு, நடுவுல இருக்கிற கூர் போதும்... அதெல்லாம் ஒரு கையால திறக்க வராது. நகம் வெக்க ஒரு பள்ளம் இருக்கும் பாருங்க, அதுல நகத்தைக் குடுத்து இழுக்கணும். ரெண்டு கை வேணும். அவசரமா திறக்க அது என்ன குடையா?... திரும்பவும் முனையா? ஆழமா இறங்குமான்னா? எதுல இறங்கணும்?...

"பாத்தா பயம் வரணுமா? யாருக்கு மாமா? அட்டைப்பெட்டிக்கா?"

இந்த இடத்தில் ஆணியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு சிறிது நேரம் தானாக ஓடி நின்றது. அவர் சுத்தியலைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். நானும் இயந்திரத்தை நிறுத்தினேன். தலைகீழாகக் கிடந்த சோபாவின் கிழிந்த அடித்துணி, மின்விசிறிக் காற்றில் எழுந்து எழுந்து படிந்தது.

"மாமா... இருக்கீங்களா?... இன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு?... இல்ல, ஏதோ நடந்திருக்கு. சொல்லுங்க...

"மைக்குலயா? கிடங்கு முழுக்கக் கேக்கிற மாதிரியா?... என்னன்னு கூப்பிட்டான்?... நடுங்கி. நடுங்கி எங்கப்பா போனான்னு... ம்... எல்லாரும் சிரிச்சாங்களா?... சிரிக்காதவங்க கீழ பாத்தாங்க. ம். அது இன்னும் மோசம்...

"மூணு மணிக்கா? மூணு மணிக்கு அவன் என்ன பண்ணுவான்?... லாரி வந்து நிக்கிற பின்வாசல்ல. தனியா. டீ குடிப்பான். சுவத்தைப் பாத்துக்கிட்டு... இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?... ஓ. ஒரு வாரமா பாத்து வெச்சிருக்கீங்க..."

இங்கே நான் நொடிகளை எண்ணத் தொடங்கினேன். இருபத்தாறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. பிறகு ஆணியம்மா பேசியபோது குரலில் அன்போ கெஞ்சலோ வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முன்பைவிட இளக்காரமாகப் பேசினார்.

"த்தூ! ஆணி இல்ல மாமா, உங்களைத்தான். கோபப்படறதுக்குக்கூட ஒழுங்கா ஒரு சாமான் வாங்கத் தெரியல உங்களுக்கு. அந்தப் பெருசைக் கையில எடுங்க... எடுத்துட்டீங்களா. விரிங்க. இப்ப கைப்பிடியை ஓரமா ரெண்டு விரலால பிடிங்க, மத்த விரலை எல்லாம் தள்ளி வெச்சுக்கிட்டு, கூர் இல்லாத முதுகுப் பக்கத்தைக் கண்ணாடியில ஒரு தட்டு தட்டுங்க. பயப்படாதீங்க, தட்டுங்க... என்ன ஆச்சு?... மடங்கிடுச்சா. எந்தப் பக்கம் மடங்கிச்சு?... ஆங். உங்க விரல் இருக்க வேண்டிய பக்கம்.

"உள்ள ஒரு வில்லுத்தகடு மட்டும்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு. பூட்டு கிடையாது. நம்ம பக்கம் இழுத்து அறுக்கத்தான் இதைச் செஞ்சிருக்காங்க. குத்தினீங்கன்னா எங்கயாவது எலும்புல இடிக்கும், இடிச்சதும் மடங்கும். அவனுக்குச் சட்டையில பொத்தான் போகும். உங்களுக்கு நாலு விரல் போகும். அப்புறம் ஜெயில்ல உக்காந்து நடுங்கறதுக்குக்கூட விரல் இருக்காது...

"எனக்கு எப்படித் தெரியுமா? என் சுட்டுவிரல் ஏன் மடங்கறதில்ல, சொல்லுங்க... மெஷின்னு உங்ககிட்டயும் சொல்லியிருக்கேனா. பொய். எல்லார்கிட்டயும் பொய். எங்க வீட்டுக்காரர் என்னை விட்டுட்டு வேற ஒருத்தியோட ஓடிப்போனாரே, அந்த வாரம், இங்கதான், கதவைச் சாத்திக்கிட்டு இதே மாதிரி மடக்குக் கத்தியால ஒரு சோபாவைக் குத்தினேன். அவர் உக்காருவாரே, அந்த சோபா. ஏழு குத்து நல்லாத்தான் போச்சு. எட்டாவது உள்ள சட்டத்துல இடிச்சுது. மடங்கிடுச்சு. விரல் நரம்பு போச்சு... சோபா சாகல மாமா. அடுத்த வாரம் நானே தச்சு வெச்சேன், இடது கையால...

"அழாதீங்க. கடையில நின்னு அழாதீங்க, அசிங்கமா இருக்கு. போனைக் கடைக்காரர்கிட்ட குடுங்க... குடுங்கன்னா குடுங்க.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?... நான் நல்லா இருக்கேன். அந்தப் பெரிய கத்தியை எடுத்து உள்ள வெச்சுப் பூட்டுங்க... அவர் வாங்கிக்கிறேன்னுதான் சொல்லுவார். நீங்க குடுக்காதீங்க... ரெண்டு வருஷமா யாரும் எடுக்கலைன்னா, அதுக்கு எங்க மாமாதான் கிடைச்சாரா உங்களுக்கு? தினம் எழுபது பேர் முகத்தைப் பாத்துக் கத்தி விக்கிறீங்க, இந்த முகத்தைப் பாத்தா ஒண்ணும் தோணலையா?... தோணலை. நல்லது. நீங்களும் உங்க வியாபாரமும். நாலு விரல் கத்தியைக் குடுங்க. எலும்புக் கைப்பிடி வேணாம், வேர்த்தா வழுக்கும், மரம் குடுங்க. இப்ப போனை அவர்கிட்ட குடுங்க.

"மாமா, கேளுங்க. நேரா இங்க வாங்க. கிடங்குக்குப் போகாதீங்க... போகட்டும் அந்த வேலை. பெரிய பதவி பாருங்க, ராஜினாமாவை யோசிச்சு எழுதறதுக்கு. இங்க ஒரு சோபா காலைத் தூக்கிக்கிட்டுக் கிடக்கு, அடியில முந்நூறு பழைய தையல் இருக்கும், ஒவ்வொண்ணா அறுத்து எடுக்கணும்... நடுங்கினா நடுங்கட்டும். கத்தி நீளமா இருந்தாத்தான் நடுக்கம் முனைக்குப் போய்க் கூத்தாடும். குட்டைக் கத்தியில அது கையோட நின்னுடும். கிழிச்சீங்கன்னா திட்டுவேன். ஆனா மைக்குல திட்ட மாட்டேன், என்கிட்ட மைக் கிடையாது...

"மூணு மணிக்கு இங்க இருக்கணும். அந்தப் பின்வாசல்ல இல்ல, இங்க... என்ன யோசனை?... ஹலோ? கடையை விட்டு இறங்கிட்டீங்களா, ரோட்டுச் சத்தம் கேக்குது... மாமா, கையில எந்தக் கத்தி இருக்கு?... எதை வாங்கினீங்க?... மாமா? ஹலோ... ஹலோ..."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவர் துண்டித்தாரா, தானாகத் துண்டானதா, தெரியாது. ஆணியம்மா மூன்று முறை திரும்ப அழைத்தார். கடைக்காரரையும் அழைத்தார். யாரும் எடுக்கவில்லை. கிடங்கு ஊரின் மறுகோடியில் இருந்தது, இங்கிருந்து போனாலும் மூன்று மணிக்குள் போய்ச் சேர முடியாது. அவர் அன்று அதற்குப் பிறகு வாயில் ஆணி போடவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாமா வந்தார். வாசலிலேயே நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நாலு விரல் கத்திதான், மரக் கைப்பிடி வியர்வையில் கறுத்திருந்தது. ஆணியம்மா அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிடலைதானே?" என்று மட்டும் கேட்டார்.

மாமா எங்கள் பட்டறையில் ஏழு வருடம் தையல் பிரித்தார். கை கடைசிவரை நடுங்கியது. இரண்டு முறை நல்ல துணியைக் கிழித்தார். இரண்டு முறையும் ஆணியம்மா தெருவுக்குக் கேட்கும்படி திட்டினார். பிறகு மாமா கண் மங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த மதியத்தைப் பற்றி அவர் மனைவிக்கு யாரும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் ஒருமுறை தன் அலுவலக நாற்காலியை மெத்தை மாற்றக் கொண்டுவந்தார். மாமாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மாமாதான் அந்த நாற்காலியைப் பிரித்தார், ஒரு நூல்கூடத் தவறவில்லை. ஆணியம்மா பட்டறையை என்னிடம் விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் இப்போதும் அதே இயந்திரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பயப்படுவதை நிறுத்திவிட்டேன்.

பெரிய கத்தியைக் கடைக்காரர் அடுத்த வாரமே வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் யாரையாவது அழைத்துக் கேட்டுவிட்டு வாங்கினாரா என்று தெரியவில்லை.