ரெண்டு இடத்துலயும் ஒரே கையெழுத்து

அந்தத் தாளத் தனியா எடுத்து வைங்க சார். ஆமா, ரெண்டு இடத்துலயும் ஒரே கையெழுத்துதான். கணக்குப் போட்டவர்ங்கிற எடத்துலயும் நான், பணம் வாங்கினவர்ங்கிற எடத்துலயும் நான். அதப் பாத்ததும் திருடனப் பிடிச்ச மாதிரி உங்க மூஞ்சி மலர்ந்ததையும் பாத்தேன். இருக்கட்டும், அதுக்குக் கடைசியில வருவோம். மொதல்ல மத்த நாப்பத்திரெண்டு பேரோடத முடிங்க.

உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், செவுத்தோட சாச்சுப் போட்டுக்கோங்க. கீழ ஓடுறது துணி பிழியுற மெஷின். ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பு, ஓட்டல் துண்டு எல்லாம் இங்கதான் வெளுக்குது. கணக்குப் பாக்க வந்திருக்கீங்க, உங்க ஹெட் ஆபீஸ்ல இந்தச் சத்தமெல்லாம் கேக்காது, பாவம். கொஞ்சம் ஒரக்கப் பேசுங்க.

யாரைக் கேட்டு லீவு சம்பளத்த ஏத்துனேனா? ஏத்துனேன்னு யாரு சொன்னது? இங்க பாருங்க, இது இஸ்திரி மெஷின்ல நிக்கிற அக்காவோட கணக்கு. மாசம் கையில வாங்குறது பதினெட்டாயிரம். அதுல அடிப்படைச் சம்பளம் பத்துதான். மிச்சம் எட்டு ஓவர்டைமும், அனல்ல நிக்கிறதுக்குக் குடுக்குற படியும். ஒரு மாசம்கூட அது வராம இருந்ததில்ல. ஆனா அவங்க லீவு போட்டா மட்டும் பத்தாயிரத்த வச்சு வகுப்போம். வேலைக்கு வந்தா நாளுக்கு எழுநூறு கிட்ட, வீட்ல இருந்தா நானூறுகூட இல்ல. ஏன் சார், லீவு போட்ட மாசம் வீட்டுக்காரன் பாதி வாடகை போதும்பானா?

ஒப்பந்தத்துல அப்படியா இருக்கு? பதினேழாம் பக்கத்தப் பொரட்டுங்க. படிங்க, எனக்கு மனப்பாடம். லீவுக்கு முந்தின மூணு மாசம் மொத்தமா வாங்கினதோட சராசரி. யூனியனோட கம்பெனி கையெழுத்துப் போட்ட சம்பள ஒப்பந்தம்தானே? அதெல்லாம் பழக்கத்துல இல்லம்மான்னு மேனேஜர் சொன்னாரு. நான் வேலைக்குச் சேந்தப்பவே கம்ப்யூட்டர்ல யாரோ ஒரு புண்ணியவான் போட்டு வச்சிருந்த கணக்கு, அதுதான் பழக்கம். நானும் பதினோரு வருஷம் நாள் எண்ணிக்கைய மட்டும் தட்டிக்கிட்டு, வந்த தொகைய அப்படியே எழுதிக்கிட்டு இருந்தேன். இந்தப் பக்கத்த ஒருநாள்கூடத் தொறக்கல.

அந்தப் பதினோரு வருஷமும் இஸ்திரிலயும் பாய்லர்லயும் யாருமே லீவு போடல, தெரியுமா? லீவு புஸ்தகம் கடையில வாங்கின மாதிரியே இருக்கும். நம்ம ஆளுங்க எவ்வளவு பொறுப்பு பாத்தியான்னு மேனேஜர் பெருமையடிப்பாரு, நான் பல்லக் காட்டிக்கிட்டு நிப்பேன். அந்த அக்கா கை வெந்து, ஈரத்துணியச் சுத்திக்கிட்டு வந்து மெஷின் முன்னாடி நின்னாங்க. அப்பவும் எனக்கு உறைக்கல. மரமண்ட.

என்ன இது, லெட்டரா? கவனக்குறைவால கூடுதலா கணக்குப் போட்டுட்டேன்னு நான் எழுதித் தரணுமா? ஓ, அடிச்சே எடுத்துட்டு வந்துட்டீங்க, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இதக் காட்டி நாப்பத்திரெண்டு பேர் சம்பளத்துலயும் மாசாமாசம் பிடிப்பீங்க, எனக்கு மட்டும் வேலை தங்கும். பேனாவ உள்ள வைங்க சார். வேலைய விட்டு எடுக்குறதுன்னா எடுங்க, என் பையக்கூட மேசை மேலதான் வச்சிருக்கேன். தப்புன்னு எழுதணும்னா அந்தப் பதினோரு வருஷத்துக்கு எழுதறேன். வெள்ளத்தாள் குடுங்க, இப்பவே எழுதறேன்.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. சரி, கோவம்தான். உங்க மேல இல்ல.

பாய்லர்ல ஒருத்தர் இருந்தாரு. நெஞ்சுல அடைக்குதுன்னு டாக்டர்கிட்ட போனாரு, ஒரு மாசம் அனல் பக்கமே போகாதீங்கன்னு சொல்லிட்டாரு. சேந்து கெடந்த லீவு முப்பத்தோரு நாள். எடுத்தா எவ்வளவு வரும்னு என்னத்தான் கேட்டாரு. சாப்பிட்டுக்கிட்டே கேட்டாரு. நான் கொழம்பு ஊத்திக்கிட்டே மனசுல வகுத்துச் சொன்னேன், பாதிக்குப் பக்கமாப் போயிடும், பொண்ணுக்கு பீஸ் கட்டிட்டு அடுத்த மாசம் எடுங்கன்னு. கணக்குல நான் புலின்னு அவருக்கு நெனப்பு. சரிம்மான்னாரு. மூணாவது வாரம் கீழதான் விழுந்தாரு, பாய்லர் கதவுகிட்ட.

எடுக்காத லீவுக்குப் பணத்தக் குடும்பத்துக்குக் குடுக்கணும்ல? அதுக்கு வழி தேடித்தான் இந்த ஒப்பந்தத்தப் பொரட்டுனேன். பதினேழாம் பக்கம் கண்ணுல பட்டுது. அன்னிக்குத்தான் மொத மொத சரியா கணக்குப் போட்டேன். கணக்குப் போடுற கிளார்க்கும் நான்தான், வாங்கிக்க வேண்டிய பொண்டாட்டியும் நான்தான். ரெண்டு எடத்துலயும் வேற யாரு சார் கையெழுத்துப் போடுவா?

இப்ப எடுங்க அந்தத் தாள. முப்பத்தோரு நாள், மூணு மாசச் சராசரி. கால்குலேட்டர் இந்தாங்க, நீங்களே தட்டிப் பாருங்க. அதுல ஒரு காசு தப்பு இருந்தாச் சொல்லுங்க, உங்க லெட்டர்ல கையெழுத்துப் போடறேன்.