கறுப்புச் சேலையும் முன்வாசல் லிஃப்ட்டும்

கரண்டி பிடித்த கையால் கொடி பிடித்திருக்கும் தலைவி அனசூயா அக்கா அவர்களே! புனே நகர வீட்டுவேலைச் சங்கத்தின் மூத்தோர்களே! தரை துடைத்து, துணி துவைத்து, தலை நிமிர்ந்து வந்திருக்கும் தாய்மார்களே! வடாபாவை மென்றுகொண்டே கைதட்டும் தம்பிமார்களே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

நாடு வளர்கிறதாம். இல்லை என்று யார் சொன்னது? நான் வேலை செய்யும் கட்டடத்தைப் பாருங்கள், வானத்தை இடித்துக்கொண்டு நிற்கிறது! மாடி வளர்ந்தது, மதில் வளர்ந்தது, மகிழுந்து வளர்ந்தது. நம் ஷேவந்தா அக்காவுக்கு என்ன வளர்ந்தது? முழங்கால் வீக்கம் வளர்ந்தது! சிரிக்கலாம் அம்மா, சிரிக்கலாம். முன்வரிசையில் அக்காவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதே கட்டடத்தில் பதினான்காம் மாடியில் சமைப்பவர் ஷேவந்தா அக்கா. வேலைக்காரர்களுக்கென்று விட்ட லிஃப்ட் பழுதாகி மாதங்கள் ஆயின. முன்வாசல் லிஃப்ட்டோ குடியிருப்போருக்கும் அவர்களுடைய நாய்களுக்கும் மட்டும்! படி ஏறினால் கால் போகும், ஏறாவிட்டால் வேலை போகும் என்று அக்கா என்னிடம் அழுதார்.

வந்தது சங்கராந்தி. அக்காவின் எஜமானி ஊர்மிளா அம்மாள், கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் மஞ்சள் குங்குமத்துக்கு வருக என்று வாசலில் எழுதி ஒட்டினார். எல்லாரும் என்றால் நாமும்தானே என்று அக்கா கிளம்பிவிட்டார், கூட வேலை செய்யும் எங்களையும் இழுத்துக்கொண்டு. நம் மராட்டிய வழக்கப்படி சங்கராந்திக்குக் கட்டுவது கறுப்புச் சேலை. அவர்களும் கறுப்பு, நாமும் கறுப்பு! வாசல் காவலாளி தத்து, பாவம், என்ன கண்டார்? விறைப்பாக ஒரு சலாம் அடித்து, லிஃப்ட்டுக்கு அவரே பொத்தானை அழுத்தினார்!

மேலே ஊர்மிளா அம்மாள் மஞ்சள் பூசினார், குங்குமம் இட்டார், எள்ளுருண்டை கொடுத்தார். கொடுத்துவிட்டு அக்காவிடம் கேட்டாரே ஒரு கேள்வி!

“புதுசா குடி வந்திருக்கீங்களா? எந்த வீடு?”

“உங்க வீடுதாம்மா. ஆறு வருஷமா உங்களுக்குச் சப்பாத்தி சுடுறேன். ஒரு நாள்கூட என் மூஞ்சியப் பாக்கலியா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மறுநாள் காலை, எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சேலையில் அக்கா அதே லிஃப்ட்டின் முன் நின்றார். தத்து கையை நீட்டி மறித்தார்.

“நேத்து சலாம் போட்டது எனக்கா தம்பி, சேலைக்கா?”

நீட்டிய கை தானாக இறங்கியது. அக்கா உள்ளே ஏறினார். அங்கே நின்றிருந்தவர் யார்? ஊர்மிளா அம்மாள்! நகர்ந்து இடம் விட்டார். இரந்து வாங்கிய இடமா அது? இல்லை, நின்று வாங்கிய இடம்!

தாய்மார்களே, மற்றக் கட்டடங்களில் இன்னும் படியேறுகிறவர்கள் கை தூக்குங்கள்! அம்மாடி, இத்தனை கைகளா! நாளை காலை பண்டிகைச் சேலை வேண்டாம், வேலைச் சேலையோடே வாருங்கள், எல்லாரும் சேர்ந்து முன்வாசல் லிஃப்ட்டில் ஏறுவோம்! கேட்டு மகிழ்ந்த உங்களுக்கு நன்றி. லிஃப்ட்டுக்குள் நெருக்கியடித்து நிற்கப்போகும் அத்தனை பேருக்கும் என் வணக்கம்!