பச்சைத் துணி சுற்றிய துப்பாக்கி

— மெதுவா, மாப்பிள்ளை, மெதுவா! காத்துத் துப்பாக்கி அது. தண்ணிக் குழாயைத் திருகுற மாதிரி திருகுறீங்களே!

— கவலையே படாதீங்க மாமா. இந்தத் திருகாணியை இறுக்கினா குண்டுக்கு வேகம் கூடும், தளர்த்தினா குறையும். சூட்சுமமே அவ்வளவுதான்.

— அதான் உங்களைக் கூப்பிட்டேன். என் கண்ணுக்கு அது திருகாணியா எறும்பான்னே தெரியல. நல்லா இறுக்கி விடுங்க. இன்னிக்கு என் குண்டு பட்டதும் மணல் ரொப்பின டப்பா ஒவ்வொண்ணும் மல்லாக்க விழணும்!

— எனக்கு எதிரா சுடப்போற உங்க பச்சைத் துணித் துப்பாக்கிக்கு நானே பலம் ஏத்துறேன். இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பான்?

— கிடைக்க மாட்டான். ஆனா நான் ஜெயிச்சா மாடி அறை என் பழைய ரேடியோக்களுக்கு. நீங்க ஜெயிச்சாதான் உங்க ரெண்டு பேருக்கும். பேச்சு மாறக் கூடாது.

— உயிரே போனாலும் மாறாது மாமா.

— அது போதும். இருங்க, துடைக்க எண்ணெய் எடுத்துட்டு வர்றேன்.

— ஏங்க, அப்பா போயாச்சா? என்ன பண்றீங்க?

— ஷ்ஷ்! தளர்த்திட்டு இருக்கேன்.

— அடப்பாவி மனுஷா! எங்கப்பா இறுக்கித் தரச் சொன்னா…

— கத்தாதடி! மாடி அறை வேணுமா, இல்ல காலம் பூரா உங்கப்பா குறட்டைக்குப் பக்கத்துச் சுவரா இருக்கணுமா?

— நேத்து அந்தக் குறட்டையில மேஜை மேல இருந்த டம்ளர் நகர்ந்துச்சுங்க.

— அப்போ வாயை மூடு. உங்கப்பா ஆசையைப் பாரேன், ஏற்கெனவே கடைசி வரைக்கும் இறுக்கி வெச்சிருக்காரு! இதுக்கு மேல இறுக்க இடமே இல்ல. இன்னும் ஒரு சுத்து தளர்த்தி… ஆச்சு! இனிமே இதுல இருந்து போற குண்டு, கொசுவுக்கே வழி விட்டுட்டு ஓரமாப் போகும்.

— நம்ம துப்பாக்கி?

— நேத்தே இறுக்கி, உறையில போட்டு, கட்டிலுக்கு அடியில வெச்சாச்சு. இன்னிக்கு ராத்திரி மாடியில தூங்குறோம்!

— ஐயோ, நினைச்சாலே தூக்கம் வருதுங்க! அப்பா வர்றாரு, அப்பா வர்றாரு!

— என்ன மாப்பிள்ளை, முடிஞ்சுதா?

— ஜம்முனு முடிஞ்சுது மாமா. ஒரே ஒரு நிபந்தனை. போட்டி முடியற வரைக்கும் இனி யாரும், எந்தத் துப்பாக்கியிலயும், திருகாணியைத் தொடக் கூடாது. நியாயம்னா நியாயம்.

— அடடா, என் வாயில இருந்ததைப் பிடுங்கிட்டீங்க! சத்தியம்?

— சத்தியம்!

— என் பொண்ணு தலையில அடிச்சு?

— அப்பா, என் தலையை ஏம்ப்பா இழுக்கறீங்க?

— அவ தலையில அடிச்சே சத்தியம் மாமா! வாங்க, மொட்டை மாடிக்குப் போவோம். டப்பா எல்லாம் காத்துக்கிட்டு இருக்கு!

— ஒரு நிமிஷம். இந்தப் பச்சைத் துணியை அவுத்துக்கறேன்.

— அதை ஏன் மாமா அவுக்கறீங்க? ரெண்டும் ஒரே கடையில வாங்கினது, ஒரே அச்சு. துணி இல்லேன்னா எது யாருதுன்னே தெரியாதே.

— அதேதான் மாப்பிள்ளை, காலையில நீங்க குளிக்கப் போனப்ப நானும் யோசிச்சேன். இந்தாங்க, உங்க துப்பாக்கி. அப்படியே கட்டிலுக்கு அடியில இருக்கிற என்னுதை எடுத்துட்டு வந்துடுங்க.